நீ திரும்பி வரவில்லை, அப்பத்தா

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிட்டாய் என்று அப்பா சொன்னார். தயவுசெய்து ஒழுங்காக விடு. இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உனக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

போன வாரம் வீட்டுப் பத்திரம் தேடுவதற்காகப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் ஐயாவின் பழைய தாள்கள். ஒன்றில் 'தாயகம் திரும்பியோர்' என்று போட்டு, உங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அந்தச் சொல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எங்கே அப்பத்தா திரும்பினாய்? பிறந்தது பர்மாவில், பெகு என்ற ஊரில். படித்தது பர்மியப் பள்ளிக்கூடத்தில். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியது உன் தாத்தா. அங்கே கடை வைத்து, பிள்ளை பெற்று, வேர்விட்டது அந்தக் குடும்பம். தேவகோட்டைப் பக்கம் இருக்கும் 'சொந்த ஊரை' 18 வயதுவரை நீ கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு யாராவது திரும்ப முடியுமா?

1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. பட்டாளத்துக்காரர்கள் வந்து பருப்பு மூட்டை, எண்ணெய் டின் என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டு போனதையும், அன்றைக்குச் சாயங்காலம் ஐயா தன் கடை வாசலிலேயே வெளியாள் மாதிரி நின்றதையும் நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். அந்த மே மாதமே 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் எதை வைத்துப் பிழைப்பது? அந்தச் சில வருடங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அங்கே உன்னைக் 'கலா' என்றார்கள், அந்நியள் என்று. இங்கே வந்து இறங்கியதும் 'பர்மாக்காரி' ஆனாய். பர்மாவிலிருந்து வருகிறவள் கழுத்து நிறைய நகையோடு வருவாள் என்று காத்திருந்த ஊர்ச் சொந்தக்காரர்கள், ஒரே ஒரு தகரப் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நீ இன்னும் மறக்கவில்லை.

இங்கே இருக்கப் பிடிக்காமல் சிலர் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. எல்லையோர ஊரான மோரேயிலேயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டிவிட்டார்கள். ஐயாவின் பங்காளி ஒருவரும் அப்படிப் போனவர்தான். 'நாமும் போயிடலாம்' என்று நீ அழுதாயாம். இது எனக்கு இப்போதுதான் தெரியும், அப்பா சொன்னார். நல்லவேளையாக 1969இல் சென்னையில் பர்மா பஜார் வந்தது. ஐயாவுக்கும் ஒரு சின்னக் கடை கிடைத்தது. வியாசர்பாடியில் அடுப்பு எரிந்தது.

நான் இதை எழுதக் காரணம் வேறு. எனக்கு அப்போது 12 வயது. நீ அரிசி அளந்துகொண்டிருந்தாய். ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள்ளே 'தித், நித், தோன், லே, ங்ஙா' என்று எண்ணிக்கொண்டே வந்தாய். எப்போதும் அப்படித்தான். தமிழில் பேசுவாய், தமிழில் திட்டுவாய், எண்ணுவது மட்டும் பர்மிய மொழியில். கூட இருந்த சிநேகிதன் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே" என்று கத்தினேன். உன் கை படியோடு அப்படியே நின்றது. நீ என்னைத் திட்டவில்லை. அளந்த அரிசியை மறுபடி சாக்கில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து அளந்தாய். இந்தத் தடவை சத்தமே வராமல், உதடு மட்டும் அசைந்தது.

அதற்கப்புறம் என் முன்னால் நீ வாய்விட்டு எண்ணியதே இல்லை. இத்தனை வருடத்தில் அதை நான் கவனிக்கக்கூட இல்லை அப்பத்தா. என்னை மன்னித்துவிடு.

பீச் ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் அத்தோ, அதான் அந்தப் பர்மா நூடுல்ஸ், சாப்பிடுகிறேன். வறுத்த பூண்டும் புளித்தண்ணியும் நீ போடுகிற அளவில் அங்கே யாரும் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வாங்கி வருகிறேன், நீ செய்து கொடு. அரிசியும் அளக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். ங்ஙாவுக்கு மேலே எனக்குத் தெரியாது. நீ சத்தமாகச் சொல்லு, நான் கூடவே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உன் பேரன்