அம்மாவின் டிவியில் சேனல் போவது பற்றி

தென்காசி,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே சாரல் நன்றாக விழுகிறது, அருவியில் தண்ணீர் இருக்கிறது. மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, டிவி விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் அம்மா பார்க்கிற சேனல்கள் காணாமல் போய், ராத்திரி தானாகத் திரும்பி வருகின்றன, பையன் புது டிவி வாங்கச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வாங்காதே. செட்டாப் பாக்ஸ் இருக்கிற வீட்டில் சேனலைப் பிடிக்கிற வேலை டிவிக்குக் கிடையாது. பாக்ஸ்தான் பிடிக்கிறது, டிவி அதைக் காட்டுகிறது. பாக்ஸ் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்திப் பார். பாக்ஸின் மெனு பளிச்சென்று தெரிந்தால் டிவியிலும், இரண்டுக்கும் நடுவில் உள்ள வயரிலும் கோளாறு இல்லை. புது டிவி வந்தாலும் இதே சேனல்கள் இதே நேரத்தில் போகும்.

அடுத்து, சேனல் போகும்போது திரையில் என்ன எழுதி வருகிறது என்று பார். சந்தாவில் இல்லை என்ற மாதிரி வந்தால் அது பேக் சம்பந்தப்பட்டது. 2019இல் புதிய கட்டண முறை வந்ததிலிருந்து ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை இருக்கிறது. விலை மாறும்போது பேக்கிலிருந்து சில சேனல்கள் விலகிப் போகும். கேபிள்காரரிடம் பாக்ஸ் நம்பரைச் சொன்னால் சரிசெய்துவிடுவார். பணம் கட்டியும் வரவில்லை என்றால் பாக்ஸைக் கொஞ்ச நேரம் போட்டே வைக்க வேண்டும், ஏனென்றால் அனுமதித் தகவலும் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாக்ஸுக்கு வந்து சேரும். ஆனால் உங்கள் வீட்டில் இதுவாக இருக்காது. சந்தா முடிந்த சேனல் மத்தியானம் போய் ராத்திரி வராது.

'சிக்னல் இல்லை' என்று வந்தால் வயரைத்தான் பார்க்க வேண்டும். இதில் நீ அவசியம் கவனிக்க வேண்டியது, எந்தெந்தச் சேனல்கள் சேர்ந்து போகின்றன என்பது. டிஜிட்டல் கேபிளில் சேனலுக்கு ஒரு அலைவரிசை என்று கிடையாது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் பத்துப் பதினைந்து சேனல்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த ஒன்று பலவீனமானால் அதில் உள்ள சீரியல் சேனல், பக்திச் சேனல், கார்ட்டூன் சேனல் எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும். ரிமோட்டில் அவற்றின் எண்கள் எங்கெங்கோ இருப்பதால் நமக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

வயர் நீளம் அதிகமாக இருந்தாலோ, வீட்டுக்குள் ஒரே வயரை இன்னொரு டிவிக்கும் பிரித்துக் கொடுக்கிற ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தாலோ உயர்ந்த அலைவரிசைகள்தான் முதலில் அடிபடும். இரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரே சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மாடி ரூமில் இப்போது யாரும் டிவி பார்ப்பதில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு வயரை நேராகக் கொடு. மாறாக, வயர் முனையில் மாட்டுகிற கனெக்டருக்குள் நடுக்கம்பி சரியாகத் தொடாமல் மயிரிழை இடைவெளி விழுந்திருந்தால் தாழ்ந்த அலைவரிசைகள் போய், உயர்ந்தவை அந்த இடைவெளியைத் தாண்டி வந்துவிடும். நான் வியந்துபோன விஷயம் இது. கம்பி விட்டுப்போயிருக்கும், பாதிச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி விட்டிருக்கும் என்று யாருக்குமே சந்தேகம் வராது.

ஆடி மாதம் தூத்துக்குடியில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற காற்று எனக்குத் தெரியாதா? அதனால் உங்கள் வீட்டுக் கோளாறு தெருக் கம்பத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில்தான் என்று நினைக்கிறேன். கடல் காற்றில் உப்பு உண்டு, கனெக்டர் சீக்கிரம் அரித்துவிடும். அரித்த கனெக்டரில் வயர் ஆடும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கும். காற்று அடங்கியதும் சேனல் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் போன சாரலில் மழை பெய்தாலே இதே கதை. பார்க்க வந்த கேபிள் ஆள் பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். நான் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் வயரில் மாட்டிப் பார்த்தேன். எல்லாச் சேனலும் வந்தன. அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினால், கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஜாயிண்ட், முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கிற வலைக்கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. இந்த வயரில் நடுக்கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு இல்லை, இரும்புக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. சிக்னல் அந்தப் பூச்சில்தான் ஓடுகிறது. பிளேடால் சுரண்டினால் செம்பு போய்விடும், மிச்ச இரும்பு துருப்பிடிக்கும்.

கம்பத்திலிருந்து பாக்ஸ் வரை ஜாயிண்டே இல்லாமல் புது வயர் இழுக்கச் சொன்னேன். கனெக்டரைக் கையால் முறுக்காமல் அதற்குரிய கருவியால் அழுத்திப் போடச் சொன்னேன். சுவருக்குள் நுழைகிற இடத்தில் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. பூஸ்டர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கெட்டுப்போய் வருகிற சிக்னலை அது பெரிதாக்கும், நல்லதாக்காது.

உனக்கு நினைவிருக்கிறதா, உங்கள் மொட்டை மாடியில் உயரமான ஆண்டெனா நட்டு ரூபவாஹினி பார்த்தோமே. கொழும்பில் 1982இல் தொடங்கிய டிவி, கடல் தாண்டி நம் தெருவுக்கு வந்தது. உன் அப்பா கம்பத்தைத் திருப்ப, நான் வாசலில் நின்று 'போச்சு, வந்துட்டு' என்று கத்துவேன். அப்போது சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த நிலை இல்லை. குறைவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு எல்லைக்குக் கீழே போனதும் படம் உறைந்து நின்றுவிடும். அதனால்தான் பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டி என்று இருப்பதை அவ்வப்போது பார்க்கச் சொல்கிறேன். காற்றில் அந்த எண் ஏறி இறங்கினால் வயர்தான்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனுஷிக்கு அந்த மத்தியானச் சீரியல்தான் பேச்சுத்துணை. சில ரூபாய் கனெக்டருக்காக அவர்கள் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பையனை ஏணியில் ஏற்றாதே, அங்கே கரண்ட் கம்பி பக்கத்திலேயே போகிறது. கேபிள்காரரை வரச் சொல், காற்று அடிக்கிற நேரத்திலேயே வரச் சொல். போகிற சேனல் எண்களையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து அவர் கையில் கொடு, எனக்கும் அனுப்பு.

அம்மாவுக்கு என் வணக்கம். மதினியையும் பையனையும் கேட்டதாகச் சொல். சாரல் முடிவதற்குள் எல்லோரும் ஒரு தடவை வந்து போங்கள்.

அன்புடன்,
உன் பழைய தெருக்காரன்