லூக்கர்ஸ் நிறுத்தத்தில் குடை பிடித்தவருக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு ரயில் கிடையாது. அங்கிருந்த நிலையத்தை 1969-லேயே மூடிவிட்டார்கள். இது தெரியாமல் பக்கத்து ஊரான லூக்கர்ஸில் இறங்கி, சாரல் மழையில், வயதான அம்மாவுடன் விழித்துக்கொண்டு நின்றேன். தன் குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தபடி, "நானும் அங்கேதான் போகிறேன், வாருங்கள்" என்றார் ஒரு மூதாட்டி. பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மழையில் என் மூளையும் நனைந்துவிட்டது போலும்.

பஸ் ஏற்றிவிட்டதோடு அவர் நிற்கவில்லை. செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலில் நான் கால் வைக்கப்போன இடத்திலிருந்து சட்டென்று கையைப் பிடித்து இழுத்தார். தரைக்கற்களில் இரண்டு எழுத்துகள்: 1528-இல் அங்கே எரித்துக் கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி பேட்ரிக் ஹாமில்டனின் முதலெழுத்துகள். மிதிக்கும் மாணவர் தேர்வில் தோற்பாராம். நான் படித்து முடித்து இருபது ஆண்டுகள் ஆகின்றன என்றேன். "இருந்தாலும் எதற்கு வம்பு?" என்று சிரித்தார்.

கடலோரக் கோட்டையில், 1546-47 முற்றுகையின்போது பாறையைக் குடைந்து வெளியே இருந்தவர்கள் சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி அதை மறித்திருக்கிறார்கள். அதற்குள் நான் குனிந்து தவழ்ந்து போய்வரும்வரை அம்மாவுக்குத் துணையாக வெளியே உட்கார்ந்திருந்தவரும் அவரே. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது இருவரும் கடலைப் பார்த்தபடி எங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மிக்க நன்றி, அம்மா. உங்கள் குடை எங்களிடமே தங்கிவிட்டது.