ஜன்னலோரக் கூடையில் உருளைக்கிழங்கு

அன்பு மகள் கயலுக்கு,

புது வீட்டுச் சமையலறையை வீடியோவில் பார்த்தேன். நல்ல காற்றோட்டம். ஆனால் ஜன்னலுக்குக் கீழே கம்பிக் கூடையில் உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்திருக்கிறாயே, அதுதான் மனதை உறுத்துகிறது. சிலதில் பச்சை ஏறிவிட்டது.

உருளைக்கிழங்கு வேர் இல்லை அம்மா, மண்ணுக்குள் பருக்கிற தண்டு. வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கத்தான் செய்யும். நம் தோட்டத்தில் செடிக்கு மண் அணைப்பதும் கிழங்கு வெளியே தெரியக் கூடாது என்றுதான். தோண்டி எடுத்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. பச்சை பிடிக்க வெயிலே வேண்டாம், டியூப் லைட் வெளிச்சமே போதும்.

அந்தப் பச்சை, கீரையில் இருக்கிற அதே பச்சையம். அதனால் கெடுதல் இல்லை. அதே வெளிச்சத்தில் சோலனைன், சாக்கோனைன் என்ற நஞ்சுகளும் கூடுகின்றன, கவலை அதுதான். நல்ல கிழங்கிலும் இவை கொஞ்சம் உண்டு. கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். பச்சை ஏறுவதும் நஞ்சு ஏறுவதும் தனித்தனி வேலைகள் என்பதால், நிறத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. அடிபட்ட கிழங்கில் பச்சையே இல்லாமலும் நஞ்சு ஏறும்.

வேகவைத்தால் போய்விடும் என்று உன் அத்தை இன்றும் சொல்கிறாள். போகாது. பொரித்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். முன்பு லண்டனில் ஒரு பள்ளியில், கோடை விடுமுறைக்கு முன் மிஞ்சிய மூட்டையிலிருந்து சமைத்துப் போட்டதில் 78 பையன்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 17 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, எல்லோரும் தேறிவிட்டார்கள்.

நஞ்சு பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் இருக்கும். முளையில் இன்னும் அதிகம். ஓரிடத்தில் லேசாகப் பச்சை என்றால் தாராளமாக ஆழமாக வெட்டி, தோலையும் தடிமனாகச் சீவிவிடு. பரவலாகப் பச்சை என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடு. குழந்தை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சின்ன உடம்புக்குக் கொஞ்சமே அதிகம். "கசக்குது" என்று அவன் துப்பினால் அடம் என்று நினைத்து ஊட்டாதே. அந்தக் கசப்பே இந்த நஞ்சின் ருசியாக இருக்கலாம்.

இனி சணல் பையிலோ காகிதப் பையிலோ போட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் இருட்டில் வை. பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகும். ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு வாங்கினால் போதும். கூடையில் இப்போது இருப்பதை இன்றைக்கே பொறுக்கிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா