கையெழுத்து வாங்கும் முன்

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பெரிய குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூரில் பதினைந்து வருடமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஓர் ஆய்வுக் குழு வந்தது. பிள்ளைகளுக்குப் புதிர்த் தேர்வு வைப்பார்களாம், மரபணு பார்க்கக் குப்பியில் எச்சில் எடுப்பார்களாம். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம். அதில் ஒரு வரி: ‘அறிவுத்திறனில் சுமார் 50 சதவீதம் பரம்பரையாக வருவது.’

படித்துக் காட்டியதும் ஒரு அம்மா கேட்டார்: “நான் அஞ்சாவதுதான் டீச்சர். அப்போ எம் புள்ளைக்குப் பாதிதான் வருமா?”

படிவம் எழுதியவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை போலிருக்கிறது. அந்த 50, ஒரு பிள்ளையின் மூளையைப் பங்கு போடும் கணக்கே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மரபணு வித்தியாசத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் அது. கூட்டமும் சூழலும் மாறினால் எண்ணும் மாறும். 2003இல் அமெரிக்க உளவியலாளர் எரிக் டர்க்ஹைமரின் குழு, அங்கே இரட்டைப் பிள்ளைகளுக்கு ஏழு வயதில் வைத்த அறிவுத்திறன் தேர்வுகளை அலசியது. வசதியான வீடுகளில் மரபணுவின் பங்கு அதிகம். ஏழை வீடுகளில் கிட்டத்தட்ட பூஜ்யம். (ஐரோப்பிய ஆய்வுகளில் பிறகு இது இப்படித் தெரியவில்லை. அதையும் மறைக்கக் கூடாது.)

எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கும். அப்பா நல்ல ஆட்டக்காரர் என்றால் மகனும் பெரும்பாலும் அப்படித்தான். ரத்தத்தில் வந்ததா, கைக்கெட்டும் தூரத்தில் போர்டு இருந்ததாலா? எச்சிலை மட்டும் கொண்டுபோனால் போர்டு எப்படித் தெரியும்?

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவு பெரும்பாலும் பரம்பரைதான் என்று வாதிட்ட பிரிட்டிஷ் உளவியலாளர் சிரில் பர்ட், பிரிந்து வளர்ந்த இரட்டையரின் அறிவுத்திறன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு கணக்குச் சொன்னார். ஜோடிகள் 21இலிருந்து 53 ஆன பிறகும் அதில் 0.771 என்ற எண் நம்ப முடியாதபடி அசையாமல் நின்றதைப் பிடித்ததும் ஓர் ஆராய்ச்சியாளர்தான், லியோன் காமின். ஆனால் எச்சில் எடுப்பவர்கள், பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். குப்பைமேடு பற்றி எரிந்து இரவெல்லாம் இருமிய பிள்ளை காலையில் எந்தப் புதிரை விடுவிக்கும்? அப்புறம், மரபணுவைப் பார்த்து ஒருவர் எப்படி வருவார் என்று கணிக்க இன்று புழங்கும் மரபணு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துத் தயாரானவை. இங்கே சரியாகப் பொருந்தாது. அதையும் படிவத்தில் பேச்சுத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடிவு எதுவும் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது.

அந்த அம்மா படிவத்தை மடித்து மகனின் கணக்கு நோட்டில் வைத்திருக்கிறார். “நீங்க போடச் சொன்னா போடறேன் டீச்சர்” என்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர், கொடுங்கையூர்