கைப்பேசிக்கென்றே அமைந்த நிரலாக்கக் கருவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு நிரலாக்கம் (கோடிங்) கற்பிப்பதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வீட்டில் ஒரு கணினி இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பல குழந்தைகளின் கைக்கு எட்டுவது பெற்றோரின் கைப்பேசி மட்டுமே.

எழுத்துகளைத் தட்டச்சு செய்யாமல், ஒவ்வொன்றும் ஒரு கட்டளையைக் குறிக்கும் வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் முறையை 2007-இல் வெளியான ஸ்கிராட்ச் என்னும் மென்பொருள் உலகெங்கும் பரப்பியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் உருவான அதன் மூன்றாம் பதிப்பு 2019-இல் வந்தபோது டேப்லெட்டிலும் நிரல் அமைக்க வழி பிறந்தது. கைப்பேசியிலோ பிறர் செய்தவற்றை இயக்கிப் பார்க்கலாமே தவிர, புதிதாக ஒன்றை உருவாக்க இயலாது. இதைக் குறையென்று சொல்வதற்கில்லை; கட்டைகளின் பட்டியல், அவற்றைக் கோக்கும் இடம், கதைப் பாத்திரங்கள் அசையும் மேடை ஆகிய மூன்றையும் அருகருகே காட்டும் அமைப்பைச் சிறு திரைக்குள் அடக்கினால், பிடித்திருக்கும் கட்டையைக் குழந்தையின் விரலே மறைத்துவிடும்.

ஆகவே, கணினிக்கான கருவியைச் சுருக்குவதைவிடக் கைப்பேசிக்கென்றே புதிதாக வடிவமைப்பதுதான் சரியான வழி. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கேட்ரோபேட் திட்டத்தின் 'பாக்கெட் கோட்' அவ்வாறு அமைந்த இலவசத் திறமூலச் செயலி (அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்). அதில் கட்டைகளை மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டு, இயக்கியதும் முழுத் திரையும் மேடையாகிறது. அதைவிட முக்கியமாக, சாய்வு போன்றவற்றை அறியும் கைப்பேசியின் உணரிகளையே நிரலின் உள்ளீடாகக் கொள்ளலாம். சாய்வின் அளவைப் பாத்திரத்தின் கிடைமட்ட இடத்தோடு இணைத்தால், கைப்பேசியை இடமோ வலமோ சாய்ப்பதற்கேற்பப் பாத்திரம் நகரும். நிரல் இயங்கும்போது மதிப்பு மாறக்கூடிய 'மாறி' என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டிய தேவை அங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது. தனிக் கருவி எதையும் இணைக்காமல் மேசைக் கணினியில் இப்படிச் சாய்த்து இயக்க வாய்ப்பில்லை.

'கோடிங் கற்கலாம்' என்று விளம்பரம் செய்யும் பல செயலிகள், முன்பே அமைத்த புதிர்களை ஒவ்வொரு நிலையாகத் தீர்க்க வைப்பதோடு நின்றுவிடுகின்றன. தொடக்கத்துக்கு அவை போதும். ஆனால் வெற்றுத் திரையில் தன் கதையையோ விளையாட்டையோ குழந்தை அமைக்க முடியாத ஒன்றை நிரலாக்கக் கருவி என்று அழைப்பது மிகை.

கல்வித் துறையினர் கைப்பேசிக்கான கருவிகளைப் பரிந்துரைக்கும்போது, அவை இணையமின்றி இயங்குமா, குழந்தையின் படைப்பு அதே கைப்பேசியில் சேமிக்கப்படுமா, இடையே விளம்பரம் குறுக்கிடுமா என்பவற்றைச் சோதித்து, அந்த விவரங்களைப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்