செவெராவின் கையெழுத்து

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவரைப் பற்றிக் கேட்காதே, பழைய கதைதான்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. வட இங்கிலாந்தில், ரோமானியர் எல்லையில் எழுப்பிய ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில், விண்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கே தோண்டியபோது ஈர மண்ணிலிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. ஒட்டிக்கிடந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மையெழுத்து! கனம் மூன்று மில்லிமீட்டருக்குள், அளவு நம் போஸ்ட் கார்டு. கி.பி. 100ஐ ஒட்டி எழுதியவை. பலவற்றை அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படிக்க முடிந்ததாம்.

ராஜா கதையெல்லாம் இல்லை. யாரோ யாருக்கோ காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறார்கள். மாஸ்க்ளஸ் என்ற குதிரைப்படைக்காரர், வீரர்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஒரு கணக்கில் மிளகு, இரண்டு டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). அந்தக் காலத்தில் மிளகு சேரநாட்டுக் கரையிலிருந்துதானே போயிற்று! சொலெம்னிஸ் என்பவன் தன் கூட்டாளியை, ஒரு கடிதம்கூடப் போடாத பாவி என்று திட்டுகிறான். படித்ததும் உன் முகம்தான் வந்தது, போ.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது கிளாடியா செவெரா. வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி. விண்டோலாண்டா தளபதியின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். செப்டம்பர் 11, நீ வந்தால்தான் எனக்கு அந்த நாள் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறாள். இதுவரை எழுத்தர் எழுதியது, வரி பிடித்த அழகான கை. கடைசியில் எழுத்து மாறுகிறது. அவளே எழுதுகோலை வாங்கி, பழக்கமில்லாத கையால், உன்னை எதிர்பார்ப்பேன் சகோதரி, என் உயிரே, என்று சேர்த்திருக்கிறாள். லத்தீனில் ஒரு பெண் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. சுற்றிலும் பட்டாளம், குளிர், கெட்ட பாதை. அதற்கு நடுவில் ஒரு தோழிக்காக அவ்வளவு ஆசை! ஜெயா டீச்சர் உன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? நான் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது என் கவலை. அந்த மரம் இத்தனை காலம் மக்காமல் கிடந்ததற்குக் காரணம், காற்றுப் புகாத ஈர மண். காற்று நுழைந்தால் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பக்கத்திலேயே மேக்னா என்று இன்னொரு கோட்டை. பருவநிலை மாற்றத்தால் அங்கே சதுப்பு மண் காய்ந்துகொண்டே வருகிறது. அதனால்தான் இப்போது அவசரமாகத் தோண்டுகிறார்கள். செவெராவுக்கு லெபிடினா போட்ட பதில் எங்காவது கிடந்து, நாம் பார்ப்பதற்குள் பொடிந்துபோனால்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. மண்ணுக்குள் இருந்தால் பத்திரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உன் நித்யா நியூகாசிலில்தானே படிக்கிறாள்? விண்டோலாண்டா அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான். தோண்டும் பருவத்தில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவளைப் போய்ப் பெயர் கொடுக்கச் சொல். லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் செவெராவின் கடிதத்தையும் பார்க்கச் சொல். கடைசி வரிகளில் மை எங்கெங்கே தடித்திருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டும். போட்டோ போதாது.

உன்
மங்கை