கோமதிக்கு, பாபநாசத்துச் சேதி

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொல்லலாம் என்றால் நீ "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி, ஏட்டி.

காலாண்டு லீவில் பாபநாசத்தில் ஆற்றங்கரை மடம் ஒன்றில் பக்தி முகாம் நடந்தது. பிள்ளைகளோடு போயிருந்தேன். பெரியவர்களுக்குத் தியானம், சொற்பொழிவு. பிள்ளைகளுக்குப் பூக்கட்டுவது, களிமண்ணில் பிள்ளையார் பிடிப்பது, நாயன்மார் கதையை நாடகமாகப் போடுவது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாட்டில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் நாள் சாயங்காலம் ஸ்பீக்கரில் பஜனையை அலறவிட்டுக் கூடவே பாடச் சொன்னார்கள். எந்தப் பிள்ளை பாடியது, எது சும்மா வாயசைத்தது, யாருக்குத் தெரியும்?

மறுநாள் கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார் ஒருவர் வந்தார். முதல் வேலையாக ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். கையில் தாளம் மட்டும். சம்பந்தர் நம் ஊரைப் பாடிய பதிகத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் 'திருநெல்வேலி உறை செல்வர் தாமே' என்று முடியுமே, அந்த இடம் வந்தால் போதும், மண்டபம் அதிர்ந்தது. டவுணிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், "நம்ம ஊர் பேரும்மா!" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

அதற்கடுத்து காவடிச் சிந்து. ஒரு பையன் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான். ஓதுவார் அவனைத் திட்டவில்லை. ஒரு மூங்கில் கம்பின் இரண்டு பக்கமும் ஓலைக் கொட்டானைக் கட்டி அவன் தோளில் வைத்து, "நடந்துக்கிட்டே பாடு" என்றார். கொட்டான் ஆட ஆட, கால் தானாகவே தாளத்தில் விழுந்தது. பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் வரிசை கட்டிவிட்டார்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடைக்காகப் பாடியது என்றுதானே சொல்வார்கள்? நடந்து பாடவேண்டியதை நாம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1891-ல் இளவயதிலேயே போய்விட்டார் அந்த மனுஷர். இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு பாடியிருப்பார்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கம்மா பாடுகிற சிந்து மெட்டு வேறு. எனக்குத் தெரிந்த இரண்டு வரியை ஓதுவாரிடம் பாடிக்காட்டினேன். "இந்த மெட்டை நான் கேட்டதில்லையே, மிச்சம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். அம்மாவுக்கு அவர்கள் ஆச்சி சொல்லிக்கொடுத்தது அது. உன் மகள் பாட்டு கிளாஸுக்குப் போகிறாளே, வீட்டிலிருக்கும் ஆச்சியிடம் ஒரு வரியாவது கேட்டிருக்கிறாளா? எனக்கு உன்மேல் கோபம்தான் கோமதி. அம்மாவுக்கு வயதாகிறது. அந்த மெட்டு அவர்களோடு நின்றுவிடக் கூடாது.

அரையாண்டு லீவில் மறுபடி முகாம் இருக்கிறது. அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா. நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடு, அப்புறம் கிடைக்காது. மடத்தில் அம்மா படியேற வேண்டாம், கீழேயே அறை கேட்டிருக்கிறேன். நீயும் பாடலாம், சுப்பக்கா மகன் கல்யாணத்தில் நீ பாடியதை இங்கே யாரும் இன்னும் மறக்கவில்லை.

வரவே முடியாது என்றால் அம்மா பாடுவதைப் போனிலாவது பதிந்து அனுப்பு. ஆனால் "பாடுங்க, பதியணும்" என்று எதிரே போய் உட்காராதே. தொண்டையைச் செருமிவிட்டு இரண்டு வரியில் நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் கீரை ஆய்கிறபோது போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, உன் மகளை முதல் வரியைத் தப்பாகப் பாடச் சொல். திருத்துவதற்காகவே முழுசும் பாடிவிடுவார்கள்.

அன்புடன்,
செண்பகம்